ஆளுயரப் பயிர், அரையடி வேர்: பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் கொல்லைகளில்

"பயிர் ஆளுயரத்துக்கு மேல நின்னுச்சு. கார்த்திகையில ஒருநாள் ராத்திரி மழையோட காத்து அடிச்சது. விடிஞ்சு போய்ப் பார்த்தா பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. பக்கத்துக் கொல்லை அப்படியே நிக்குது. ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே விதையைத்தான் வாங்கினோம். உரமும் ஒண்ணுதான். எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்திலிருந்து நம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. அதே வாரத்தில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கமிருந்து ஓர் அம்மா, "தெற்கு வரப்பு ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு வரிசை மக்காச்சோளம் மட்டும் வெளிறி, மெலிந்து, கதிரில்லாமல் நிற்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். முதல் கேள்விக்குப் பொட்டாஷ் என்றும், இரண்டாவதற்குத் துத்தநாகம் என்றும் எழுதினால் யாரும் தவறு சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டு கடிதங்களும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன என்று பட்டது. மார்கழி இரண்டாவது வாரம் பெரம்பலூருக்குப் பேருந்து ஏறினேன்.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூர் எல்லைக்குள் நுழைந்ததும் பார்வைக்குப் படுவது மக்காச்சோளம்தான். இன்னும் சில வாரங்களில் அறுவடை மும்முரமானால் சாலையோரம் முழுக்க மஞ்சளாய்க் காயப் போட்டிருப்பார்கள். அங்கேயே மூட்டை பிடித்து, நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன ஆலைகளுக்கு லாரியில் ஏற்றிவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் நிற்கிறது. ஆனாலும் இது இந்த மண்ணுக்குப் புதிய பயிர்தான். வரகு, சோளம், கடலை, பருத்தி என்று இருந்த மானாவாரி பூமி இது. "எங்க சின்ன வயசுல மக்காச்சோளம்னா திருவிழாவுல சுட்டு விக்கிறது மட்டுந்தான் தம்பி" என்றார் எசனை பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். கோழிப்பண்ணைகள் பெருகப் பெருக, கேட்ட இடத்தில் விற்கும் பயிராக இது மாறிவிட்டது.

மேற்கே பச்சைமலை. அதன் அடிவாரத்திலிருந்து கிழக்கே இறங்க இறங்கக் கரிசல். ஆண்டு மழை சராசரியாக 860 மில்லிமீட்டர் அளவில்தான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்த்து, மார்கழியில் மழை விட்டுப் போனதும் மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தைக் கொண்டே கதிர் முற்ற வேண்டும். டெல்டாவில் வாய்க்கால் தண்ணீர் பயிரின் காலடிக்கு வருகிறது. இங்கே பயிர்தான் தண்ணீரைத் தேடிக் கீழே போக வேண்டும். மேலே எத்தனை உயரம் என்பதைவிட, கீழே எத்தனை ஆழம் என்பதுதான் மானாவாரி மக்காச்சோளத்தின் தலையெழுத்து. அதை நாம் யாரும் பார்ப்பதில்லை. வேர் மண்ணுக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் தோண்ட வேண்டும்.

கடப்பாரை சொன்ன கதை

வேப்பந்தட்டையிலிருந்து உள்ளே நாலைந்து கிலோமீட்டர். கடிதம் எழுதியவரின் கொல்லை இரண்டரை ஏக்கர். சாய்ந்த பயிரில் கதிர்களை முடிந்தவரை ஒடித்து எடுத்து முடித்திருந்தார்கள். மண்ணில் கிடந்த கதிர்களில் சிலவற்றில் மணிகள் முளைவிட்டிருந்தன, சிலவற்றில் பூஞ்சாணம். இதை நல்ல கதிரோடு கலந்து அடித்துவிடக் கூடாது. தீவன ஆலைக்காரர்கள் ஈரப்பதம் மட்டுமல்ல, பூஞ்சாணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சையும் பார்க்கிறார்கள். ஒரு கூடைக் கெட்ட கதிர், ஒரு லோடு சரக்கின் விலையை இறக்கிவிடும். இதை அந்த வீட்டு அம்மா எனக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார். தனியாகக் குவித்திருந்தார்.

கடப்பாரையும் மண்வெட்டியும் கேட்டேன். சாய்ந்த இடத்தில் ஒரு பயிரையும், அதே கொல்லையில் விதை முளைக்காமல் சொட்டை விழுந்திருந்த இடத்தின் ஓரமாக, நாலு பக்கமும் காற்றோட்டமாக நின்ற ஒரு பயிரையும் சுற்றி ஒன்றரை அடி வட்டமிட்டு மண்ணோடு பெயர்த்தோம். வாளித் தண்ணீரில் அலசினோம். சொல்வதற்கே தேவையில்லாமல் போய்விட்டது. சாய்ந்த பயிரின் வேர் கைப்பிடிக்குள் அடங்கியது. நூல் நூலாக, மேல் மண்ணிலேயே சுருண்டு கிடந்தது. தரைக்கு மேலே முட்டு வேர் ஒரே ஒரு சுற்று, அதுவும் பாதிதான் மண்ணைத் தொட்டிருந்தது. சொட்டை ஓரத்துப் பயிரின் வேர் இரண்டு கையாலும் அள்ளும்படி இருந்தது. முட்டு வேர் இரண்டு சுற்று, பேனாக் கனத்தில், கூடாரத்துக்கு இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நாலா பக்கமும் இறங்கியிருந்தது. உயரத்தில் மட்டும் முதல் பயிர்தான் ஒரு சாண் கூடுதல்.

"அப்ப ஒசந்து நின்னதெல்லாம் ஏமாத்தா?" என்றார் கொல்லைக்காரர்.

ஏமாற்று இல்லை. பயிர் தனக்குத் தெரிந்த நியாயத்தைச் செய்திருக்கிறது. எப்படி என்று சொல்ல, மக்காச்சோள வேர் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

விதை முளைக்கும்போது விடுகிற வேர்கள் முதல் இரண்டு மூன்று வாரப் பாட்டுக்குத்தான். பயிரைக் கடைசி வரை தாங்குவது தண்டின் அடிக்கணுக்களிலிருந்து சுற்றுச் சுற்றாகக் கிளம்பும் வேர்கள். மண்ணுக்குள் ஐந்து சுற்று வரை வரும். அதற்கு மேலே, தரைக்கு வெளியே தெரிகிற கணுக்களிலிருந்து முட்டு வேர் ஒன்று, இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அதனதன் காலம் உண்டு. முளைத்த பத்து நாளில் முதல் சுற்று தொடங்கிவிடும்; ஒரு மாதத்துக்குள் மண்ணுக்குள் இருக்கும் சுற்றுகளில் பெரும்பாலானவை உருவாகிவிடும்; பூக்கும் சமயத்தோடு வேர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குப் பிறகு பயிர் சமைக்கிற சர்க்கரை எல்லாம் கதிருக்குத்தான் போகும். ஆகவே, முதல் மாதத்தில் விட்ட வேரை மூன்றாம் மாதம் பிடித்துக்கொள்ள முடியாது.

இந்த வேர்களுக்குச் சோறு போடுவது யார்? பெரும்பாலும் கீழ் இலைகள். மேல் இலைகளின் சர்க்கரை மேலே போகிறது. கீழ் இலைகளின் சர்க்கரை கீழே போகிறது. பயிர் நெருக்கமாக நின்றால் முதலில் இருட்டாவது கீழ் இலைதான். அது பழுத்துக் காய்ந்தால் வேர் பட்டினி. நாம் மேலே பச்சையைப் பார்த்து, பயிர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

நிழல் விழும் முன்பே நிழல்

இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பயிரின் நிழல் தன்மேல் விழுவதற்கு முன்பே, பக்கத்தில் ஆள் வந்துவிட்டதை மக்காச்சோள நாற்று தெரிந்துகொள்கிறது.

வெயிலில் சிவப்பு ஒளியும் இருக்கிறது, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தூரச் சிவப்பு ஒளியும் இருக்கிறது. பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். தூரச் சிவப்பைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஓர் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை வந்தால், அங்கே தூரச் சிவப்பின் பங்கு கூடுகிறது. இதை அளக்க இலையிலும் தண்டிலும் ஒரு நிறமி உண்டு, பெயர் ஃபைட்டோகுரோம். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1952-இல் லெட்யூஸ் கீரை விதைகளைச் சிவப்பு ஒளியிலும் தூரச் சிவப்பு ஒளியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோது, ஒன்று முளைக்கச் செய்வதையும் மற்றது நிறுத்துவதையும் கண்டார்கள். அங்கிருந்துதான் இந்தக் கதை தொடங்கியது. அதே நாட்டில் கேஸ்பர்பாயர், கார்லன் என்ற இரு ஆய்வாளர்கள் மக்காச்சோள நாற்றுகளை வைத்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கத்தில் நின்றவையும் தூரச் சிவப்பு ஒளி அதிகம் பட்டவையும் தங்கள் உணவைத் தண்டுக்குக் கூடுதலாகவும் வேருக்குக் குறைவாகவும் பங்கிட்டதைக் காட்டினார்கள்.

பயிரின் கணக்கு எளிது: 'பக்கத்தில் ஆள் இருக்கிறான், என்னை மறைத்துவிடுவான், முதலில் உயரமாகிவிட வேண்டும்.' உயரத்துக்குச் செலவழித்ததை வேரிலிருந்து எடுக்கிறது. காட்டில் தனியே முளைக்கும் செடிக்கு இது பிழைக்கும் வழி. நம் கொல்லையில் எல்லாப் பயிரும் ஒரே நேரத்தில் இதையே செய்வதால், யாரும் யாரையும் முந்துவதில்லை. எல்லாருமே வேரில்லாமல் நிற்கிறார்கள். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை எழுந்து நின்று பார்த்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டியதாகிறதே, அதுபோல.

களைக்கும் இதே விதிதான். களை என்றால் உரத்தையும் தண்ணீரையும் திருடுகிறது என்றுதான் நமக்குத் தெரியும். மழை பெய்து ஈரமும் உரமும் தாராளமாக இருக்கிற நாளில்கூட, பயிரோடு சேர்ந்து முளைத்த களை தன் இலையிலிருந்து திருப்பி அனுப்பும் ஒளியாலேயே பயிரை உயரத்துக்கு விரட்டி வேரைக் குறைக்கிறது. அதனால்தான் முதல் ஒரு மாதக் களையை எடுத்துவிடுவது பிற்பாடு எடுக்கும் மூன்று களைக்குச் சமம். "ஈரம் இருக்கே, அடுத்த வாரம் ஆள் கிடைக்கும்போது எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் அந்த ஒரு வாரத்தில் வேரின் ஒரு சுற்று போய்விடுகிறது.

ஒரு குழிக்கு இரண்டு விதை

வேப்பந்தட்டைக் கொல்லையில் நெருக்கம் எப்படி வந்தது? வரிசைக்கு வரிசை ஒன்றரை அடிதான். குழிக்கு இரண்டு விதை. முளைத்த பிறகு கலைத்து விடவில்லை.

குழிக்கு இரண்டு போட்டதற்கு அவரிடம் காரணம் இருந்தது. மயில். விதைத்த மறுநாளே வரிசை பிடித்து வந்து கிளறி எடுக்கிறது. அதற்குத் தப்பினால் பின்னால் காட்டுப்பன்றி. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தெரிந்து, அதே ஆண்டு இங்கே வந்து சேர்ந்த அமெரிக்கன் படைப்புழு, இந்த இரு மாவட்டங்களிலும் குருத்தைத் தின்று ஏக்கர் ஏக்கராக அழித்ததை யாரும் மறக்கவில்லை. 'பத்துல நாலு போனாலும் ஆறு நிக்கட்டும்' என்ற பயம்தான் இரண்டாவது விதை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஆண்டு மயிலும் வரவில்லை, புழுவும் கட்டுக்குள் இருந்தது. இரண்டுமே முளைத்து நின்றுவிட்டன.

"கலைச்சு விடலாம்னு நாந்தான் சொன்னேன். களை வெட்டும்போதே ஒண்ணைப் புடுங்கிட்டுப் போயிடலாம். இவுகதான் வேணாம்னுட்டாக" என்றார் அந்த அம்மா.

"உசிரோட நிக்கறத எப்படிப் புடுங்கறது? வெதை என்ன வெலை விக்குது" என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. பார்ப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீரிய ஒட்டு ரகத்துக்குச் சொல்லும் இடைவெளி வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. அதன்படி ஏக்கருக்குச் சுமார் 27,000 பயிர், ஒவ்வொன்றுக்கும் 1.6 சதுர அடி மண். மானாவாரிக்கு 45-க்கு 20 செ.மீ. என்றும் பரிந்துரை உண்டு. அதில் ஏக்கருக்கு 45,000, ஆளுக்கு ஒரு சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. வேப்பந்தட்டைக் கொல்லையில் 45 செ.மீ. வரிசையில் ஓரடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு. இதுவும் ஏக்கருக்கு 59,000-ஐத் தொடுகிறது. ஒரு பயிருக்கு முக்கால் சதுர அடிக்கும் குறைவு. அதிலும் ஒரே குழியில் இரண்டு என்பதால், இரண்டும் முளைத்த நாளிலிருந்தே ஒன்றின் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.

நெப்ராஸ்காவில் வீவர் என்ற ஆய்வாளர் நூறு ஆண்டுக்கு முன்பு வயலில் ஆள் உயரப் பள்ளம் வெட்டி, வேர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து வரைந்து வைத்தார். 1926-இல் புத்தகமாக வந்தது. நல்ல மண்ணில் மக்காச்சோள வேர் பக்கவாட்டில் மூன்றடிக்கு மேலும், ஆழத்தில் ஐந்தடிக்கு மேலும் போவதை அதில் பார்க்கலாம். அப்படிப் போகக்கூடிய வேருக்கு முக்கால் சதுர அடி கொடுத்தால், அது ஆழத்துக்காவது போகாதா என்று கேட்கலாம். போகாது. ஆழத்துக்குப் போகவும் சர்க்கரை வேண்டும். அதைத் தண்டு எடுத்துக்கொண்டுவிட்டது.

45-க்கு 20 பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆழமான கரிசலும், ஐப்பசி, கார்த்திகையில் தவறாத மழையும் இருந்தால் அது பலிக்கும். இரண்டடி தோண்டினால் சுக்கான் தட்டுகிற கொல்லைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அப்படிப்பட்ட நிலம் நிறைய.

அமெரிக்காவில் இன்று ஏக்கருக்கு 30,000-க்கு மேல் விதைக்கிறார்கள், நாம் ஏன் கூடாது என்று விதைக் கம்பெனி கூட்டங்களில் கேட்கிறார்கள். 1930-களில் அவர்களும் ஏக்கருக்கு 12,000 அளவில்தான் விதைத்தார்கள். அங்கே நீண்ட காலம் மக்காச்சோளப் பயிர்ப்பெருக்கத்தில் இருந்த டுவிக் என்ற விஞ்ஞானி பழைய ரகங்களையும் புதிய ரகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்த்துச் சொன்னது: விளைச்சல் கூடியது ஒற்றைப் பயிர் பெரிதாகக் காய்த்ததால் அல்ல; நெருக்கத்தைத் தாங்கும் பயிராகத் தலைமுறை தலைமுறையாய்த் தேர்ந்தெடுத்ததால். தாங்கும் சக்தியும் தண்ணீர், உரம் இருக்கிற வரைதான். மானாவாரிக்கு அந்தக் கணக்கை அப்படியே தூக்கி வர முடியாது.

நெருக்கத்தின் நட்டம் சாய்வதோடு முடிவதில்லை. சாயாத வருடத்தில் அது வேறு வேடத்தில் வருகிறது. மார்கழியில் மழை நின்றதும் நெருக்கமான பயிர் மேல் மண் ஈரத்தைப் பத்து நாள் முன்னாலேயே குடித்துவிடும். கரிசல் வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு மேல் வேர்களை அறுக்கும். கீழே வேர் இல்லை. மணி பால் பிடிக்கிற நேரத்தில் இலையிலிருந்து சர்க்கரை போதாமல், பயிர் தன் தண்டில் சேர்த்து வைத்ததை உருவிக் கதிருக்குக் கொடுக்கும். வெறும் கூடான தண்டில் அழுகல் நோய் ஏறும். உள்ளே பிளந்தால் கரி பூசியதுபோல் இருக்கும். "பூவெடுத்து நல்லா இருந்துச்சு, திடீர்னு காஞ்சு ஒடியுது" என்று வருகிற கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில். அப்போது அடிக்க மருந்து எதுவும் இல்லை.

கல்லான மரத்தைத் தாண்டி

மறுநாள் கிழக்கே திரும்பினேன். போகிற வழியில் ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் கல்மரத்தைப் பார்க்காமல் போக முடியவில்லை. ஓடைக்குள் 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் முழுசாகக் கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் முதலில் இதை வெளியுலகுக்குச் சொன்னார். சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் இன்று அரியலூரைச் சிமெண்ட் ஊராக்கியிருக்கிறது. நம் கொல்லைக்குக் கீழே சுக்கானாக இருந்து வேரைத் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தார்கள். ஒரு பையன் "இதுக்கு வேர் எங்க சார்?" என்று ஆசிரியரைக் கேட்டான். நல்ல கேள்வி.

அரியலூரை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். சாலையோரக் கொல்லைகளில் பயிரின் இலைமேல் வெள்ளையாய்ப் புழுதி. இதுவும் ஒரு நிழல்தான். மழை கழுவிவிடும்வரை இலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறைவு. இதற்கு விவசாயி தனியாக ஒன்றும் செய்ய முடியாது. சாலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லியும், லாரிக்குத் தார்ப்பாய் மூடச் சொல்லியும் ஊர்க்காரர்கள் சேர்ந்து கேட்கலாம்.

செந்துறைப் பக்கத்து அம்மாவின் கொல்லை ஒன்றேகால் ஏக்கர். கணவர் இல்லை, மகன் திருப்பூரில். தெற்கு வரப்பில் அவருடைய மூன்று வேம்பு. அதைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் தைலமரம், வரப்பை ஒட்டி வரிசையாக. மருந்துக் கடையில் ஏற்கெனவே இரண்டு முறை ஏதோ நுண்ணூட்டக் கரைசல் வாங்கி அடித்திருந்தார்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு அவரோடு வரப்பில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தோம். சித்திரையில் சூரியன் நம் தலைக்கு மேல் வரும். அப்போது மர நிழல் மரத்தடியிலேயே கிடக்கும். நாமும் அந்த நினைப்பில்தான் மரத்தைப் பார்க்கிறோம். ஆனால் மக்காச்சோளம் நிற்கிற புரட்டாசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. மார்கழியில் நம் அட்சரேகையில் உச்சி வேளையிலேயே நிழல் மரத்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கு நீளம் வடக்கே விழும். முப்பதடி மரத்துக்கு இருபத்தோரு அடி. இரண்டடி இடைவெளியில் அது பத்து வரிசை. அவர் கடிதத்தில் எழுதியிருந்த அதே 'பத்துப் பன்னிரண்டு வரிசை'. காலையும் மாலையும் நிழல் இன்னும் நீளும்.

ஆகவே தெற்கு வரப்பு மரம் நம் கொல்லையைத் தின்னும். வடக்கு வரப்பு மரத்தின் நிழல் பக்கத்துக் கொல்லைக்குப் போகும். (இதனால் வரும் பங்காளிச் சண்டைகளை நான் இங்கே தொடவில்லை.) பனை அவ்வளவு பாதகமில்லை, நிழல் மெலிது, நகர்ந்துகொண்டே இருக்கும். வேம்பும் புளியும் கெட்டி நிழல். தைலமரம் நிழலோடு நிற்பதில்லை. அதன் வேரும் வரப்பைத் தாண்டி வந்து ஈரத்தைக் குடிக்கும். நிழலால் வேர் சுருங்கிய மக்காச்சோளம், தைலமர வேரோடு போட்டியிடுவதை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பயிரைத் தோண்டிப் பார்த்தோம். கையால் இழுத்ததுமே வந்துவிட்டது. கடப்பாரைக்கு வேலையே இல்லை.

கயிறும் 22 அடியும்

பயணத்தில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிவந்ததை இங்கேயும் எழுதிவிடுகிறேன். உங்கள் கொல்லையில் எத்தனை பயிர் நிற்கிறது என்று தெரிய ஏக்கர் முழுக்க எண்ண வேண்டாம். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. என்றால், 22 அடிக் கயிறு ஒன்றை வரிசையோடு பிடித்து அதற்குள் நிற்கும் பயிரை எண்ணி, ஆயிரத்தால் பெருக்குங்கள். 27 இருந்தால் ஏக்கருக்கு 27,000. வரிசை 45 செ.மீ. என்றால் கயிறு இருபத்தொன்பதரை அடி. நாலைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுத்தால் போதும்.

கலைப்பது என்றால் முளைத்த 12 முதல் 15 நாளுக்குள். அதற்குப் பிறகு பிடுங்கினால் நிற்கிற பயிரின் வேரும் சேர்ந்து அறும். அதற்குள் அது உயரத்துக்கு ஓடத் தொடங்கியும் இருக்கும். ஈர மண்ணில், மெலிந்ததைப் பார்த்து, நிற்கிற பயிரின் அடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பிடுங்க வேண்டும். பிடுங்கியது மாட்டுக்கு ஆகும். மயில் பயம் உள்ளவர்கள் இரண்டு விதை போடுவதை நான் தடுக்கவில்லை. பதினைந்தாம் நாள் ஒன்றை எடுக்க மனசைத் தயார் செய்துகொண்டு போடுங்கள். 25 முதல் 30 நாளில் மேலுரம் இட்டு மண் அணைத்தால் முட்டு வேருக்குப் பிடிமானம் கிடைக்கும். ஆனால் நெருக்கத்தில் முட்டு வேரே வராத பயிருக்கு மண் அணைத்து என்ன பலன்?

சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். பூப்பதற்கு வெகுமுன்பு சாய்ந்த இளம்பயிர் சில நாளில் தானே வளைந்து மேலே எழும். ஆள் வைத்துத் தூக்கிக் கட்டாதீர்கள். மிச்சமிருக்கிற வேரும் அறுந்துபோகும். பூத்த பிறகு சாய்ந்தால் எழாது. மண்ணைத் தொடும் கதிரை முற்றியதும் காலம் தாழ்த்தாமல் ஒடித்து எடுப்பதே வழி.

படைப்புழுவுக்காகத் தட்டைப்பயறு, உளுந்து ஊடுபயிர் போடச் சொல்கிறார்கள். நல்லதுதான், அவை குட்டை, மக்காச்சோளத்தின் கீழ் இலையை மறைப்பதில்லை. ஒன்று மட்டும்: பயறு ஊடுபயிர் உள்ள கொல்லையில் அட்ரசின் களைக்கொல்லி கூடாது, பயறு போய்விடும்.

செந்துறை அம்மாவிடம் மருந்து எதுவும் வேண்டாம் என்றேன். அந்தப் பத்து வரிசைக்குப் போகும் விதையும் உரமும் அடுத்த வருடம் மிச்சம். அங்கே கொள்ளோ, மாட்டுக்குத் தீவனப் புல்லோ இருக்கட்டும், மக்காச்சோளம் போலப் பாழாகாது. வேம்பை வெட்ட அவருக்கு மனமில்லை, வெட்டவும் வேண்டாம். விதைப்புக்கு முன்பு, ஆவணிக் கடைசியில், வடக்கே நீண்ட கிளைகளை மட்டும் கழித்தால் ஆட்டுக்குத் தழையும் ஆகும். தைலமரம்தான் சிக்கல். வரப்புக்கு உள்பக்கம், தன் நிலத்தில், மூன்றடி ஆழத்துக்கு ஒரு காடி வெட்டினால் பக்கத்து வேரைத் தற்காலிகமாக அறுக்கலாம். சில வருடத்தில் மறுபடி வெட்ட வேண்டிவரும்.

"அவங்க மரம் அடுத்த வருஷம் வெட்டுக்கு வருதாம். வெட்டுனா மறுபடியும் துளுக்குமே தம்பி?" என்று கேட்டார்.

துளிர்க்கும். அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட வேகமாக வரும். வெட்டுகிற சமயத்திலேயே வரப்போரத்து ஒரு வரிசைக் கட்டையை மட்டும் தூரோடு எடுத்துவிடும்படி பேசிப் பார்க்கச் சொன்னேன். அந்த நிலத்துக்காரர் பொங்கலுக்கு ஊருக்கு வருவாராம். அப்போது கேட்பதாகச் சொன்னார்.